புதுக் குட்டி வந்தால் பழைய பூனை என்ன செய்யும்?

நிக்டியில் ஆடி மழை பிடித்தால் நாள் கணக்கில் விடாது. துர்கா டேக்டியின் உச்சி மேகத்துக்குள் மறைந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப்பட்ட ஒரு காலை வேளையில், யமுனாநகரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்து மாடிப்படியின் கீழே, ஸ்கூட்டர்களுக்கு நடுவே, ஒரு பூனைக்குட்டி நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. தாயைக் காணோம். இரண்டு மாதக் குட்டி இருக்கலாம். சாம்பல் நிறம், இரண்டு கைக்குள் அடங்கும் உடம்பு, ஊரையே கூப்பிடும் குரல்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை உண்டு. பெயர் மணியன். கறுப்பும் வெள்ளையும் கலந்த கடுவன், வயது ஒன்பது, சிறு வயதிலேயே கருத்தடை செய்யப்பட்டது. பகலெல்லாம் பீரோவின் மேல் படுத்துக் கிடக்கும். மாலையில் அலுவலகம் விட்டு நான் படியேறும் ஓசை கேட்டதும் வாசலுக்கு வந்து நிற்கும். அதற்கு என்று ஒரு தட்டு, ஒரு கோணி, ஒரு ஜன்னல். ஒன்பது ஆண்டுகளாக அதில் மாற்றமில்லை.

‘இரண்டும் பூனைதானே, தானாகப் பழகிவிடும்’ என்று நினைத்தேன். குட்டியைத் துடைத்துக் கூடத்தின் நடுவில், மணியனுக்கு நேர் முன்னால் இறக்கிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கச் சுற்றி நின்றார்கள். மணியன் ஒரு கணம் உற்றுப் பார்த்தது. அடுத்த கணம் ஒரு சீறல், ஓர் அறை. குட்டி உருண்டு சோபாவுக்கு அடியில் போயிற்று. நான் மணியனை அதட்டினேன். அது பரண் மேல் ஏறிக்கொண்டது.

மறுநாள் சாப்பிட இறங்கவில்லை. “ஏங்க, பெரியவனுக்குக் கோபம். ரெண்டு நாள் போனா சரியாயிடும்” என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரவில் இறங்கி வந்து மணல் தட்டில் குந்தியது, எழுந்தது, மறுபடி குந்தியது. மலச்சிக்கல் என்று எண்ணி விட்டுவிட்டோம்.

அடுத்த நாள் காலை எதிர்வீட்டு மராத்திப் பாட்டி வந்தார். அவரை நாங்கள் ஆஜி என்றே அழைப்போம். தட்டை எட்டிப் பார்த்தார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“அண்ணா, மணல் காய்ந்தே கிடக்கிறதே. பொறாமைப்பட்ட பூனை சாப்பிடாமல் இருக்கும். சிறுநீர் கழிக்காமல் இருக்குமா? ஆபீஸுக்கு அப்புறம் போகலாம். இப்போதே ரிக்ஷா பிடியுங்கள்.”

ஆஜி சொன்னதுதான் மணியனின் உயிரைக் காத்தது. கடுவன் பூனையின் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகலானது. அது அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் விஷம் இரத்தத்தில் ஏறி இதயம் நின்றுவிடும் என்றார் கால்நடை மருத்துவர். குழாய் செலுத்தி அடைப்பை எடுத்தார். மூன்று நாள் மருந்தும் நீரும் ஏற்றினார். இந்த நோய்க்குப் பல காரணங்கள் உண்டு. மனக்கலக்கம் அவற்றில் முக்கியமான ஒன்று. “வீட்டில் ஏதாவது புதிதாக நடந்ததா?” என்று மருத்துவர் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இந்தப் பக்கத்தை வாசிக்கும் அன்பர்களில் பலர் வீட்டிலும் மழைக்காலத்தில் ஒரு குட்டி வந்து சேரும். சிலர் இரக்கத்தால் எடுத்து வருவார்கள். சிலர் எலித் தொல்லைக்காகக் கொண்டு வருவார்கள். வீட்டில் முன்பே ஒரு பூனை இருந்தால் நான் செய்த தவற்றை அவர்கள் செய்ய வேண்டாம். அதற்காகவே இந்தக் கட்டுரை.

பொறாமை அல்ல

‘புதுசு வந்ததும் பழசுக்குப் பொறாமை’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மூத்தாள் இளையாள் கதையைப் பூனைக்கும் பொருத்திவிடுகிறோம். உண்மை வேறு.

நம் வீட்டுப் பூனையின் மூதாதை மேற்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழ்ந்த காட்டுப்பூனை. சைப்ரஸ் தீவில் மனிதன் ஒருவனுக்கு அருகே புதைக்கப்பட்ட ஒரு பூனையின் எலும்புக்கூட்டை ஆராய்ச்சியாளர்கள் கண்டெடுத்து 2004-ல் வெளியிட்டார்கள். அதன் வயது சுமார் 9,500 ஆண்டுகள். அத்தனை காலம் நம்மோடு இருந்தும், நாயைப் போலக் கூட்டமாக வேட்டையாடும் குணம் பூனைக்கு வரவில்லை. அது தனியே வேட்டையாடும்; தனியே உண்ணும். தன் உணவுக்குப் போதுமான எல்லையைத் தனதாக வைத்துக்கொள்ளும். அந்த எல்லைக்குள் முன்பின் தெரியாத இன்னொரு பூனை வந்தால் அதற்கு அது சோற்றுப் பிரச்சினை, உயிர்ப் பிரச்சினை.

பூனைகள் கூடி வாழ்வதே இல்லை என்பதும் சரியல்ல. மீன் மார்க்கெட்டுகளிலும் உணவகங்களின் பின்புறத்திலும் கூட்டமாக இருக்கும் பூனைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் தாய், மகள், சிற்றன்னை என்று உறவுள்ள பெட்டைகள். ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுப்பதும் உண்டு. அங்கே அந்நியப் பூனை நுழைந்தால் உடனே இடம் கிடைக்காது. பல நாள் ஓரத்தில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நெருங்க வேண்டும்.

நிக்டிவாசிகளான நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. தொழிலாளர் குடியிருப்புகளுக்காகப் பிராதிகரண் 1972-ல் அமைக்கப்பட்ட பிறகு இந்தப் பக்கம் எத்தனை ஊர்க்காரர்கள் வந்தோம்! வந்த அன்றே யாரும் நம்மைக் கட்டித் தழுவவில்லை. தண்ணீர்க் குழாயடியிலும் ரேஷன் கடையிலும் நாள்பட முகம் பழகி, பிறகுதான் அண்ணா என்றும் வஹினி என்றும் அழைத்தார்கள். பூனைக்கும் அந்த அவகாசத்தைக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பூனை இருக்கும் வீட்டுக்கு இன்னொரு பூனையைத் தத்து எடுத்துச் சென்றவர்களிடம் நிலைமையை விசாரித்து எழுதியது. ஏறக்குறைய பாதி வீடுகளில் தொடக்கத்தில் கடியும் பிறாண்டலும் நடந்திருந்தன. முதல் சந்திப்பு மோசமாக அமைந்த வீடுகளில் பின்னாலும் சண்டை தொடர்ந்தது. ஆகவே முதல் சந்திப்பு எப்படி நடக்கிறது என்பது மிக முக்கியம். அந்தச் சந்திப்பைத்தான் நான் ஐந்து நிமிஷத்தில் கெடுத்தேன்.

முதலில் மருத்துவர்

குட்டி வீட்டுக்குள் நுழையும் முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. கால்நடை மருத்துவரிடம் காட்டுவது. ‘பஷுவைத்யகீய தவாகானா’ என்று மராத்தியில் பலகை இருக்கும். மருந்து ஒவ்வொரு குட்டிக்கும் வேறுபடும். எடையைப் பார்த்து மருத்துவரே சொல்வார்.

தெருவில் பிறந்த குட்டிக்கு வயிற்றில் புழு, உடம்பில் உண்ணி, காதில் பூச்சி இருப்பது சாதாரணம். அவற்றைவிட அஞ்ச வேண்டியது பான்லுகோபீனியா என்னும் வைரஸ் நோய். வாந்தி, பேதி, காய்ச்சல் என்று தொடங்கி, தடுப்பூசி போடாத குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். இந்தக் கிருமி தரையிலும் துணியிலும் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். குட்டி பார்க்க நன்றாக இருந்தாலும் நோய் உள்ளே இருக்கலாம். ஆகவே இரண்டு வாரமாவது அதைத் தனியே வைத்திருப்பது நல்லது. அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பழைய பூனையிடம் போக வேண்டும். பழைய பூனைக்குத் தடுப்பூசி தவறியிருந்தால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தவை. மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ, ‘சின்னக் குட்டிதானே’ என்று விட்டுவிடாதீர்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே மனித மருத்துவரிடம் போங்கள். வெறிநோய் வந்தபின் காப்பாற்ற வழி கிடையாது, வருமுன் தடுக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. காய்ச்சல் என்று நினைத்து நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக்கூடப் பூனைக்குக் கொடுக்கக் கூடாது. அது பூனைக்கு நஞ்சு. ஒரே மாத்திரையில் உயிர் போகும்.

மூக்குதான் முதலில் பார்க்கும்

நாம் ஒருவரை முகத்தால் அறிகிறோம். பூனை மூக்கால் அறிகிறது. அதன் கன்னத்திலும் தாடையிலும் உள்ளங்காலிலும் வால் அடியிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் நம் வேட்டி ஓரத்திலும் கன்னத்தைத் தேய்க்கிறதே, அது கொஞ்சல் மட்டுமல்ல. ‘இது என் வீடு, இவர் என் ஆள்’ என்று எழுதி வைப்பது. கூடி வாழும் பூனைகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து குடும்பத்துக்கே ஒரு பொது வாசனையை உண்டாக்கிக்கொள்கின்றன. அந்த வாசனை உள்ளது உறவு, இல்லாதது அந்நியம்.

இதற்கு ஓர் அத்தாட்சி சொல்லலாம். பல ஆண்டு ஒன்றாக வளர்ந்த இரு பூனைகளில் ஒன்று மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினால், வீட்டிலிருந்த மற்றது அதைப் பார்த்துச் சீறுவது உண்டு. உருவம் பழையதுதான், வாசனை மருந்து வாசனை. அடையாளம் போய்விடுகிறது.

ஆகவே கண்ணுக்குக் காட்டும் முன் மூக்குக்குக் காட்ட வேண்டும். முறை சுலபம். ஒரு பழைய பருத்தித் துணி, கிழிந்த பனியன் கூடப் போதும். குட்டியின் கன்னத்தில் மெதுவாகத் தேய்த்து, அந்தத் துணியைப் பழைய பூனை நடமாடும் இடத்தில் ஓர் ஓரமாக வையுங்கள். மூக்கருகே நீட்டக் கூடாது. அது தானாக வந்து முகரட்டும். சீறினால் எடுத்துவிட வேண்டாம்; சற்றுத் தள்ளி வையுங்கள். பழைய பூனையின் கன்னத்தைத் தேய்த்த துணியைக் குட்டியின் படுக்கையில் போடுங்கள். தினமும் துணியை மாற்றிக்கொண்டே வந்தால், சில நாளில் முகர்ந்துவிட்டு அலட்சியமாகப் போய்விடும். அந்த அலட்சியமே முதல் வெற்றி. ஆனால் மருத்துவர் ‘தொற்று இல்லை’ என்று சொன்ன பிறகே இந்தத் துணி மாற்றத்தைத் தொடங்க வேண்டும்.

நம் வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. தரையைப் பினாயில் விட்டுத் துடைப்பது நம் வழக்கம். பூனை இருக்கும் வீட்டில் அது கூடாது. பினாயிலில் உள்ள சரக்கு பூனையின் ஈரலால் கழிக்க முடியாதது. தரையில் நடந்த காலை நக்கினாலே வயிற்றுக்குள் போய்விடும். அதோடு பழைய பூனை எழுதி வைத்த வாசனையெல்லாம் அழிந்து, சொந்த வீடே அதற்கு வேற்று வீடாகிவிடும். சோப்புத் தண்ணீரில் துடைத்து உலரவிட்டால் போதும்.

ஒன் ரூம் கிச்சனில் எப்படி?

‘குட்டியைத் தனி அறையில் வையுங்கள்’ என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்கின்றன. பங்களாக்காரர்களுக்குச் சரி. ஒன் ரூம் கிச்சனில் இருப்பவர்கள் எங்கே போவது?

வழி உண்டு. கதவுள்ள சமையலறையோ குளியலறையோ இருந்தால், இரவிலும் நாம் வேலைக்குப் போகும் நேரத்திலும் குட்டி அங்கே இருக்கலாம். சமையலறையானால் அடுப்பு அணைந்து ஆறியிருக்க வேண்டும். எலி மருந்து, கரப்பான் மருந்து எதுவும் இருக்கக் கூடாது. குளியலறையானால் தண்ணீர் நிறைந்த வாளியைக் கவிழ்த்து வையுங்கள். குட்டி விழுந்து மூழ்கும். கேலரி என்றால் கிரில் இடுக்குகளுக்கு வலை அடிக்க வேண்டும். எதுவுமே இல்லையென்றால் ஒரு பெரிய கம்பிக் கூண்டு. உள்ளே படுக்கை, தண்ணீர், மணல் தட்டு; மேலே ஒரு பழைய போர்வை. குட்டிக்கு மறைவு கிடைக்கும். பழைய பூனைக்கும் கண்ணில் படாது. எங்கள் வீட்டில் நடந்தது இந்தக் கூண்டு வழிதான்.

முக்கியமான நியாயம் ஒன்று. குட்டிக்காகப் பழைய பூனையின் இடத்தைப் பறிக்கக் கூடாது. அதன் கோணி, அதன் ஜன்னல், அதன் தட்டு, அதன் பீரோ எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஒதுங்கி இருக்க வேண்டியது புதிதாக வந்தது. ‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்ற பழமொழி பூனைக்கும் பொருந்தும்.

நம் கவனமும் அப்படியே. நான் வீடு திரும்பியதும் முதலில் மணியனைத் தடவிக் கொடுப்பது, முதலில் அதற்குச் சோறு வைப்பது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வீட்டில் எல்லோரும் குட்டியைச் சூழ்ந்துகொண்டால் பழையதன் அன்றாட நேரங்கள் தவறிப்போகும். பூனை அன்றாட ஒழுங்கை நம்பி வாழும் பிராணி. அதன் மணிக்கணக்கை மாற்றாதீர்கள்.

கதவுக்கு இரு புறமும் விருந்து

வாசனை பழகிய பின் சாப்பாட்டைத் துணைக்கு அழைக்க வேண்டும். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் பழைய பூனையின் தட்டு. அந்தப் பக்கம் குட்டியின் தட்டு. முதல் நாள் ஐந்தாறு அடி தள்ளி. இரண்டும் நிம்மதியாகச் சாப்பிட்டால் அடுத்த வேளைக்கு அரை அடி நெருக்கம். சாப்பிடாமல் கதவையே முறைத்தால் ஓரடி பின்னால். ‘அந்த வாசனை வரும்போதெல்லாம் நல்ல மீன் வருகிறது’ என்று பழையதன் மனத்தில் பதிய வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

பிறகு தினமும் சிறிது நேரம் இடத்தை மாற்றுங்கள். பழைய பூனையை வேறொரு பக்கம் வைத்துவிட்டு, குட்டி கூடத்தைச் சுற்றி வரட்டும். குட்டியின் மூலையைப் பழையது முகர்ந்து பார்க்கட்டும். இன்னும் இரண்டும் நேருக்கு நேர் பார்க்கவில்லை. ஆனால் ஒன்றையொன்று நன்றாக அறிந்துவிட்டன.

அடுத்தது, தடுப்பின் வழியாகப் பார்ப்பது. கொசுவலைக் கதவு இதற்கு மிக ஏற்றது. இல்லையேல் கூண்டின் போர்வையை ஒரு சாண் தூக்கிவிடலாம். பார்க்கும் வேளை சாப்பாட்டு வேளையாக இருக்கட்டும். இரண்டு மூன்று நிமிஷம் போதும்.

முகம் பார்க்கும் நாள்

தடுப்பின் வழியே பார்த்தும் சீறாமல் சாப்பிடுகின்றன என்றால் நேரில் விடலாம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரம் நல்லது. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பழையதைக் கூப்பிடக் கூடாது. பயந்த குட்டி நம்மைப் பிறாண்டும். தப்பி ஓடவும் வழியில்லாமல் போகும். இரண்டும் தரையில், இரண்டுக்கும் பின்வாங்க இடத்தோடு இருக்க வேண்டும். குட்டியின் நகத்தை முன்கூட்டியே நுனி வெட்டிவிடுங்கள். அதற்கு முன் ஒரு கயிற்று நுனியை ஆட்டிக் குட்டியைக் களைக்க வையுங்கள். ஓடியாடி ஓய்ந்த குட்டி கிழப்பூனையின் வாலைப் பிடிக்கப் போகாது.

பழைய பூனை சீறினால் அதட்டாதீர்கள். சீறுவது சண்டை அல்ல. ‘அங்கேயே நில்’ என்ற சொல். நகம் நீட்டாமல் ஓர் அறை கொடுத்தால் அதுவும் பாடம்தான். தாய்ப்பூனையும் இப்படியே கற்பிக்கும். நான் மணியனை அதட்டியதால் என்ன ஆயிற்று? ‘இந்தக் குட்டி வந்தால் எனக்குத் திட்டு விழும்’ என்று அது கற்றுக்கொண்டது.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. காது பின்னால் மடங்கித் தலையோடு ஒட்டுதல், கண் இமைக்காமல் முறைத்தல், வயிற்றின் அடியிலிருந்து வரும் நீண்ட ஊளை. அப்போது ஒரு தலையணையையோ அட்டையையோ இடையில் நுழைத்துப் பார்வையை மறையுங்கள். கையை மட்டும் நுழைக்காதீர்கள். பிரித்த பின் அன்று போதும் என்று நிறுத்திவிட்டு, மறுநாள் கொசுவலைக் கட்டத்துக்கே திரும்புங்கள். பின்வாங்குவதில் வெட்கமில்லை.

குட்டியைத் தூக்கும்போது கழுத்துத் தோலைப் பிடித்துத் தொங்கவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. மார்ஜார நியாயம் என்று வைணவப் பெரியோர் சொன்னது தாய்ப்பூனையின் வாய்க்கு. நம் கைக்கு அல்ல. ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்கால்களுக்கு அடியில். அப்படித்தான் தூக்க வேண்டும்.

எத்தனை நாள் ஆகும்? சில வீடுகளில் ஒரு வாரம்; பல வீடுகளில் மூன்று நான்கு வாரம்; சில வீடுகளில் மாதங்கள். பழைய பூனைதான் காலண்டர். எங்கள் வீட்டில் இரண்டாம் முறை முறையாகத் தொடங்கியதிலிருந்து ஏழு வாரம் பிடித்தது.

எல்லாம் தனித்தனி

இரண்டும் ஒரே தட்டில் சாப்பிட்டால் பார்க்க அழகு. ஆனால் பூனை பங்கு போட்டுச் சாப்பிடும் பிராணி அல்ல. பக்கத்தில் நின்று சாப்பிடுவது பல பூனைகளுக்குச் சகிப்பே தவிர சந்தோஷம் அல்ல. தட்டுகள் தனித்தனியாக, ஒன்றையொன்று பார்க்காத இடத்தில் இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணம் இரண்டு. மணல் தட்டு, பூனை எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வைப்பது முறை. இரண்டு பூனைக்கு மூன்று. இடமில்லாதவர்கள் இரண்டாவது வைத்து, தினம் இருமுறை சுத்தம் செய்யுங்கள். இரண்டையும் ஒரே மூலையில் அடுக்கினால், பூனைக் கணக்கில் அது ஒன்றுதான். ஒரு பூனை வழியில் உட்கார்ந்தால் மற்றதற்கு இரண்டும் போயிற்று.

சிறிய வீட்டுக்கு உயரமே இடம். சுவரில் இரண்டு பலகை அடித்தாலும், பீரோவின் மேல் ஏற ஒரு ஸ்டூல் போட்டாலும், பழைய பூனைக்குக் குட்டி எட்டாத ஒரு மாடி கிடைத்துவிடும். வயதான பூனைக்கு மூட்டுவலி இருக்கலாம். படியாக ஏற வழி செய்யுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தயிர்சாதம் தின்று வளரும் பூனைகள் நம் வீடுகளில் ஏராளம். பூனைக்கு டாரின் என்ற சத்து இன்றியமையாதது. அது மீனிலும் இறைச்சியிலும் உண்டு; சோற்றிலும் பருப்பிலும் கிடையாது. குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். சைவக் குடும்பத்தார் பூனைக்கென்று விற்கும் உணவை வாங்கிவிடுவது நல்லது. மற்றவர்கள் மார்க்கெட்டில் கிடைக்கும் பாங்க்டாவை, அதாவது நம் கானாங்கெளுத்தியை, வேகவைத்து முள் நீக்கி, அந்த உணவோடு சேர்த்துக் கொடுக்கலாம். குழம்பு மீன் கூடாது; வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். பசும்பால் பல பூனைகளுக்குப் பேதியாகும். குட்டிக்கு வளரும் உணவு, கிழத்துக்கு அதன் வயதுக்கேற்ற உணவு. இதற்காகவும் தட்டு தனியாக இருக்க வேண்டும்.

குட்டி பெட்டையானால் நான்கைந்து மாதத்திலேயே கருவுறக்கூடும். ஒன்பது வாரத்தில் நாலைந்து குட்டி. கடுவனானால் வயதுக்கு வந்ததும் பழைய பூனையின் எல்லையில் சிறுநீர் தெளிக்கத் தொடங்கும், அமைதியெல்லாம் போகும். எந்தப் பூனையானாலும் மருத்துவரைக் கேட்டுக் காலத்தில் கருத்தடை செய்துவிடுங்கள்.

எப்போது வேண்டாம்?

பழைய பூனை சீக்காக இருந்தால், மிகவும் கிழடாகி இருந்தால், புதுக் குட்டி வேண்டாம். ‘தனியாக இருக்கிறதே, துணை வேண்டாமா’ என்று நாம் நினைப்பது பெரும்பாலும் நம் மனத்தின் ஏக்கம். பத்து வயதுப் பூனைக்கு வேண்டியது வெயில் படும் ஜன்னலும் தொல்லையில்லாத தூக்கமும்.

குட்டி வந்தபின் பழையது ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள். பூனை தொடர்ந்து பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். கடுவன் சிறுநீர் கழிக்க முக்கினால் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்காதீர்கள். தட்டுக்கு வெளியே கழித்தால் அடிக்காதீர்கள். அது நோயின் குரலாகவோ அச்சத்தின் குரலாகவோ இருக்கும்.

எல்லாம் செய்தும் ஒத்துப்போகவில்லை என்றால்? அப்படியும் நடக்கும். அப்போது குட்டிக்கு வேறு நல்ல வீடு தேடுவதே நியாயம். கோணிப்பையில் கட்டி நெடுஞ்சாலைக்கு அப்பால் விட்டுவருவது வழி அல்ல. வீட்டில் வளர்ந்த பிராணியைத் தகுந்த காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும். வீட்டுச் சோறு தின்ற பூனைக்கு அந்த இடத்தில் எல்லை ஏது, உறவு ஏது? அங்குள்ள பூனைகளுக்கு அதுவும் ஓர் அந்நியம்தான்.

தை மாதத்து இரவு

அந்தக் குட்டிக்குச் சிட்டு என்று பெயர் வைத்தோம். மணியனும் சிட்டும் கட்டிப் புரளும் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி ஆகவில்லை. பகலில் ஒன்று பீரோவின் மேல்; மற்றது கேலரியில். வழியில் எதிர்ப்பட்டால் மூக்கோடு மூக்கு ஒரு கணம் வைத்துவிட்டு விலகிப் போகும். சிட்டு அளவுக்கு மீறி ஆடினால் மணியன் ஒரு சீறல் விடும், சிட்டு நிற்கும்.

நிக்டியில் தை மாதத்துக் குளிர் உங்களுக்குத் தெரியும். அந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை எழுந்து பார்த்தபோது, மணியனின் கோணியின் மறு ஓரத்தில் சிட்டு சுருண்டு படுத்திருந்தது. நடுவில் ஒரு சாண் இடைவெளி. மணியன் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. கோணி தன்னுடையது என்பதில் அதற்கு இப்போது சந்தேகம் இல்லை. அதனால் ஓர் ஓரத்தை விட்டுக்கொடுத்தது.

கதவைத் திறந்து ஆஜியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாசலிலேயே நின்று பார்த்தார்.

“எழுப்பாதீர்கள், அண்ணா. அதுகளாகச் செய்துகொண்ட ஏற்பாடு” என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போனார்.